இறுதியாண்டிலேயே கோப்பு தயாராகட்டும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் கல்லூரி மாணவ மாணவியர் முன் ஆற்றிய உரை)

 

திண்டுக்கல்லில் நம் முன்னோர்களுக்கு வேலை தேட வேண்டிய நிலை பெரும்பாலும் வந்ததில்லை. தோல் ஷாப்பிலும், பூட்டுப் பட்டறையிலும், கடைவீதியிலும் தந்தையின் கைப்பிடித்தே மகன் தொழிலுக்கு வந்தான். அவனிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் பட்டம் பெறுகிறார்கள். ஆனால் பட்டம் கைக்கு வந்த பிறகுதான் வேலையைப் பற்றி எண்ணத் தொடங்குகிறோம். அதுவே நம் பிழை.

நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர் மத்திய அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறினார். சரிபார்ப்பு நாளில் அவர் கையில் இருந்தது மாநில அரசுக்குரிய சாதிச் சான்று மட்டுமே. இடம் கைநழுவிப் போயிற்று. குறை அவருடையதன்று, நாம் ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ஆகவே ஒன்றைத் தெளிவாக அறிந்து கொள்வோம். தமிழக அரசுப் பணிகளில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கு மாநிலச் சாதிச் சான்று போதும். மத்திய அரசு, ரயில்வே, பொதுத்துறை வங்கிப் பணிகளில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. அதற்குத் தனிப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்ற குறிப்புடன் சான்று வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைமார் மத்தியப் பட்டியலில் உள்ளனர்; ஏனையோர் தம் பிரிவு அதில் உள்ளதா எனப் பார்த்துக் கொள்ள வேண்டும். இச்சான்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, அறிவிப்பில் குறித்த காலத்துக்குள் பெற வேண்டும்.

அடுத்தது பெயர். முஹம்மது என்னும் ஒரே பெயர் ஒரு சான்றில் முழுமையாகவும், மற்றொன்றில் சுருக்கமாகவும், ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துக் கூட்டலிலும் இருக்கக் காண்கிறோம். தந்தை பெயரும் ஓரிடத்தில் முதலெழுத்தாக, வேறோரிடத்தில் முழுப் பெயராக நிற்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதே எளிது. ஆதாரில் பெயரைத் திருத்த பொதுவாக 2 முறையே வாய்ப்பு உண்டு. எனவே நிதானம் தேவை.

மூன்றாவது, தமிழ்வழிக் கல்விச் சான்று. தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநிலப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010-இல் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆகவே பயின்ற ஒவ்வொரு பள்ளியிலும் சான்று பெற்று வையுங்கள்.

தாள்கள் மட்டும் போதுமா? போதா. தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 பெறாவிடில் மறுபகுதி திருத்தப்படுவதே இல்லை. வீட்டில் உருது பேசுவோரும் ஆங்கிலவழியில் படித்தோரும் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறார்கள். அங்கே பட்டத்தைப் பதிவு செய்து, 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறவாதீர்கள். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பயிற்சிகளைக் கல்லூரியிலேயே பயன்படுத்திக் கொள்ளுங்கள்.

தனியார் நிறுவனத்திற்குச் செல்வோர் தன்விவரக் குறிப்பை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும். விடுமுறையில் தந்தையின் கடையில் கணக்கு எழுதியிருந்தால் அதைத் தயங்காமல் குறிப்பிடுங்கள். அதுவும் அனுபவமே.

பெற்றோர்களே, மகனுக்குச் சொல்வதனைத்தும் மகளுக்கும் பொருந்தும். அவளுடைய கோப்பும் இப்போதே தயாராகட்டும்.

ஜமாஅத்தில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையின் கோப்பைப் பார்த்துத் தர வேண்டுகிறோம். அரைமணி நேர வேலைதான். அன்று அந்தப் பிள்ளைக்கு அந்த அரைமணி கிடைத்திருந்தால் இன்று அவர் பணியில் இருந்திருப்பார்.