ஸ்டார்ட்டரின் காயிலை இயக்குதல்
(ராயபுரத்தில் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



1932-ஆம் வருஷத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கிய பின்னர், அக்காலத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில் ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. இன்று ராயபுரத்துப் பனியன் கம்பெனிகளில் மோட்டார் இல்லாத இடம் அரிது. ஆயினும், அம்மோட்டாருக்குக் காவலாக ஸ்டார்ட்டர்ப் பெட்டியினுள் இருக்கும் காயிலைப் பற்றி அறிந்தவர் சிலரே.

காயில் என்பது இரும்பைச் சூழப் பல சுற்றுக்களாகச் சுற்றிய எனாமல் செம்புக் கம்பியாகும். அதில் மின்சாரம் ஓடினால் இரும்பு காந்தமாகும். நின்றால் காந்தம் நீங்கும். மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்புவதை 1820-இல் டென்மார்க் தேசத்து ஏர்ஸ்டெட் கண்டறிந்தார்.

பச்சைப் பொத்தானை அழுத்தியதும் காயிலில் சொற்ப மின்சாரம் ஓடுகிறது. காந்தம் எதிரிலுள்ள இரும்புத் துண்டை இழுக்கிறது. அத்துண்டுடன் பிணைந்த முனைகள் கூடி, மோட்டாருக்கு வேண்டிய பெருமின்சாரம் பாய்கிறது. இதுவே காயிலை இயக்குதல் என்பதன் பொருள். ஒருவன் மதகுப் பலகையைத் தூக்க, வாய்க்கால் நிறைய நீர் பாய்வதை ஒக்கும் இது.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, காயிலின்மேல் குறித்த வோல்ட் அளவையே கொடுத்தல் வேண்டும். 230 வோல்ட் காயிலுக்கு 415 வோல்ட் கொடுத்தால் அது கருகிப்போம்.

இரண்டாவது, இரும்புத் துண்டு முழுவதும் ஒட்டவேண்டும். ஏ.சி. காயிலில், துண்டு ஒட்டும் வரையில் பல மடங்கு மின்சாரம் ஓடும், ஒட்டியபின் குறையும். இடையில் பஞ்சுத் தூசி அடைந்தால் துண்டு ஒட்டாமல் இரையும். காயில் சூடேறி எரியும். ஆகையால், மெயினை அணைத்து, தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு அவ்வப்போது தூசி நீக்குவது அவசியம்.

மூன்றாவது, நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். காயில் தன்னுள் ஓடும் மின்சாரம் திடீரென அறுவதைப் பொறாது. முனைகளில் பொறி பறக்கும். இதனாலேயே டி.சி. காயிலுக்குக் குறுக்கே டயோடு வைக்கிறார்கள்.

இனி முக்கிய விஷயம். மின்சாரம் நின்றால் காயில் பிடியை விட்டுவிடும். மறுபடி வந்தாலும், பொத்தானை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. நின்ற யந்திரத்துள் சிக்கிய நூலை எடுக்கும் தொழிலாளியின் விரலைக் காப்பது இந்த ஏற்பாடே. காயில் எரிந்துவிட்டதென்று குச்சியைச் செருகியோ கயிற்றால் கட்டியோ மோட்டாரை ஓட்டுவோர், அக்காவலைத் தம் கையாலேயே கெடுக்கிறார்கள். மின்சாரம் எதிர்பாராது திரும்பினால் யந்திரம் தானே சுழலும்.

காயிலின் விலை சொற்பம், விரலுக்கோ விலையில்லை. அங்கத்தினர்கள் ஒன்றுகூடி, தங்கள் ஸ்டார்ட்டர்களுக்குரிய உபரி காயில்களைச் சங்கத்தின் மூலம் வாங்கி வைத்துக்கொண்டால், குச்சிக்கு வேலையிராது.