நாய்க்குறி போட்டு எழுதிய பெயர்

தோழர்களே, சீன எழுத்துகளைக் கோடு கோடாக மனப்பாடம் செய்யாதேங்கோ. நான் முதலில் 'ராடிக்கல்' எனும் வகைக்குறியைத்தான் தேடுறனான். 1716இல் வந்த காங்சி அகராதி எல்லா எழுத்துகளையும் 214 குறிகளின் கீழ் அடுக்கியது. இடப்பக்கம் மூன்று துளி இருந்தால் தண்ணீர்ச் சம்பந்தம்: ஆறு, கடல், வியர்வை, கண்ணீர். மிச்சத் துண்டு பெரும்பாலும் ஒலியைக் காட்டும்.

ஆனால் வகை பிரிக்கிற கை மதிப்பும் போடும். தென்சீனத்துச் சுவாங் மக்களின் பெயரை முந்தி நாய்க்குறியோடு எழுதினார்கள். பிறகு மனிதக்குறி வந்தது; 1965இல் 'வலிமை' எனப் பொருள்படும் எழுத்தே பெயரானது. 'பொறாமை'யிலோ பெண்குறி இன்னும் நிக்குது.

ஆக, மாத்த ஏலும். எந்தச் சொல்லை வாசிச்சாலும், இதை இந்தப் பெட்டிக்குள்ள ஆர் போட்டது எண்டு கேளுங்கோ.