பார்த்துக்கிறவங்களை யார் பார்த்துக்கிறது?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



எப்பவும் இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி பற்றித்தான் பேசுவோம். இன்னைக்கு எங்கள் குழு செய்த ஒரு தப்பைச் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் குழுவில் ஒரு சகோதரி. 12 வருஷமாக ஒரு கூட்டம் தவறாதவர். திடீரென்று மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. விதிப்படி கூட்டத்துக்கு 10 ரூபாய் அபராதம் எழுதினோம். நாலாவது கூட்டத்துக்கு வந்தார். 30 ரூபாயை எண்ணி வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டார்.

அவர் வீட்டுக்காரருக்கு வாயில் புற்றுநோய் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய் நோயாளியை விசாரித்துவிட்டு வந்தவர்கள்தான் நாங்கள். பக்கத்தில் நின்ற அந்தச் சகோதரியை ஒருத்தரும் விசாரிக்கவில்லை. அதுதான் எங்கள் தப்பு.

அன்று சாயங்காலமே நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். முதலில் பேசவே இல்லை. அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டார். "ரெண்டு மணிக்கு ஒருதரம் மூக்குக் குழாயில கஞ்சி ஊத்தணும். ராத்திரியெல்லாம் வலியில முனகுறார். ஒருநாள் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். நான் கத்திட்டேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவலைன்னுகூட நினைச்சுட்டேன் அக்கா. நான் என்ன மனுஷி?" என்று அழுதார். தன்னுடைய பி.பி. மாத்திரையை அவர் சாப்பிட்டே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சகோதரிகளே, அது பாவ எண்ணம் இல்லை. களைத்துப்போன மனசு அப்படித்தான் பேசும். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பலருக்கும் இப்படி ஒரு நினைப்பு வந்து போகும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு உள்ளேயே புழுங்குகிறார்கள். தூக்கம் இல்லை, பசி இல்லை, தொட்டதற்கெல்லாம் கோபம், காரணமில்லாத அழுகை, தன் உடம்பைக் கவனிக்காதது. இதெல்லாம் அந்தப் புழுக்கத்தின் அடையாளம். இதற்கு நடுவில், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்களும் நம்ம ஊரில் உண்டு. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். உள்கடனுக்கு ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று எழுதினோம். செவ்வாய், சனி இரண்டு நாளும் முறை வைத்து ஒருத்தர் நோயாளி பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் அவர் கோயிலுக்குப் போவார், அம்மா வீட்டுக்குப் போவார் என்று நினைத்தோம். முதல் நாள் அவர் திண்ணையில் படுத்துத் தூங்கினார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"தைரியமா இரு", "எல்லாம் விதி" என்று சொல்வதை விட்டோம். "நீ சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று கேட்கப் பழகினோம்.

சில விஷயங்களையும் தெரிந்துகொண்டோம். வலியைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. வலி தணிக்கும் சிகிச்சை என்று தனியாகவே இருக்கிறது, டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நோயாளி தூங்கினால்தான் பார்த்துக்கொள்கிறவரும் தூங்க முடியும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தச் சேவை வீட்டுக்கே வருகிறது. மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சிகிச்சைக்கு ரயிலில் போனால் நோயாளிக்கும் துணைக்குப் போகிற ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தான். அந்தத் துக்கம்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்து நின்றது. நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. இரண்டு மணி நேரம் உட்கார முடியும்.

போன ஐப்பசியில் அந்தச் சகோதரியின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். காரியம் முடிந்ததும் முறையை நிறுத்திவிடலாம் என்று நினைத்தோம். "இப்பவும் ரெண்டு மணிக்கு ஒருதரம் முழிப்பு வந்துடுது. எழுந்து கஞ்சிக்கு அடுப்பைப் பத்த வைக்கப் போயிடுறேன்" என்றார். அதனால் செவ்வாய்க்கிழமை இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

கூட்டமைப்புக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு குழுவிலும் சேமிப்பை எழுதி முடித்ததும், "யார் வீட்டில் யார் நோயாளியைப் பார்த்துக்கிறாங்க? அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டு, அதையும் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். வராதவருக்கு அபராதம் எழுதும் முன்னால், ஏன் வரவில்லை என்று அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்போம்.