லண்டனுக்கு அரைமணி தூரத்தில் ஓர் ஊர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“என்னப்பா, சீமையில் பெரிய பங்களாவா?” என்று வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டார். பங்களா எல்லாம் இல்லை. இரண்டு படுக்கையறை, சின்னத் தோட்டம், பக்கத்து வீட்டோடு ஒட்டின சுவர். ஊர் லெட்ச்வொர்த். லண்டனுக்கு வடக்கே, கிங்ஸ் கிராஸிலிருந்து வேகமான ரயிலில் அரைமணி. முப்பதாயிரத்துச் சொச்சம் ஜனங்கள். காலையில் பிளாட்பாரம் நிறைய லண்டன் வேலைக்குப் போகிறவர்கள். பல வருஷம் அடியேனும் அதில் ஒருவன்.

வேடிக்கை என்னவென்றால், லண்டன் நெரிசலிலிருந்து ஜனங்களை விடுவிக்கத்தான் இந்த ஊரையே கட்டினார்கள்! பார்லிமெண்டில் சுருக்கெழுத்து எழுதிய எபனேசர் ஹோவர்ட் என்பவரின் யோசனை அது. வேலையும் வேண்டும், கிராமத்துக் காற்றும் வேண்டும், இரண்டும் ஒரே ஊரில் வேண்டும் என்று 1898-இல் புத்தகம் எழுதினார். 1903-இல் ஒரு கம்பெனி ஆரம்பித்து 3,818 ஏக்கர் வாங்கினார்கள். பங்குதாரருக்கு லாபம் ஐந்து சதவீதத்துக்கு மேல் கிடையாது. நிலத்தை விற்கவில்லை, 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். நிலத்தின் மதிப்பு ஏறினால் அந்த ஆதாயம் ஊருக்கே வரவேண்டும் என்பது கணக்கு.

1905-இல் மலிவு வீடுகளுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. விவசாயக் கூலிக்காரன் குடியிருக்கத் தகுந்த வீடு, கட்டுமானச் செலவு 150 பவுண்டு. அவற்றில் பல இன்றும் நிற்கின்றன. விலை கேட்டால் லட்சக்கணக்கில் பவுண்டு சொல்கிறார்கள்!

எப்படி இப்படி ஆச்சு? 1967-இல் வந்த சட்டத்தின்படி, குத்தகை வீட்டுக்காரர்கள் அடிநிலத்தையும் வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. கடைகள், பண்ணை நிலங்கள் இவற்றின் வருமானம் இன்றும் ஊர் நலனுக்குத்தான் செலவாகிறது. ஆனால் வீட்டு மனையின் ஏற்றம் வீட்டுக்காரர் பைக்குப் போனது. என் பைக்கும்தான். விலை ஏறினபோது நானும் என் மனைவியும் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம், மறைப்பானேன்?

என் மகன் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். கல்யாணமானதும் வீடு தேடினான். இரண்டு சம்பளம் இருந்தும் எட்டவில்லை. இன்னும் தள்ளிப் போய் வாடகைக்கு இருக்கிறான். “அப்பா, நம்ம வீடு விலை ஏறினதைத்தான் நான் இப்ப வாடகையா கட்டறேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று ராத்திரி நம்ம செட்டில் பாதிப் பேர் மனை விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். “வாங்கினதுக்கு நாலு மடங்கு” என்றால் கைதட்டுகிறோம். தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த நாலு மடங்கைக் கொடுத்து வாங்கப் போகிறவனும் யாரோ ஒருத்தர் பெற்ற பிள்ளைதான்.