பேசுறதுக்கு முன்னாடி ஏ.ஐ.கிட்ட ஒரு பரீட்சை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம குழுப் பெண்கள் பேச வேண்டிய இடம் இப்போ நிறைய ஆயிடுச்சு. வங்கியில் கடன் கேட்டுப் பேசணும். கிராம சபையில் பேசணும். வெளியூர்க் குழுக்கள் பார்க்க வந்தா அவங்களுக்கு நம்ம வேலையைச் சொல்லணும். எழுதி வச்சுக்கிட்டுத்தான் போறோம். ஆனா எழுதினது சரியா இருக்கான்னு முன்னாடியே பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கிறதில்லை. வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினா, "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிடுவார்.

சாட்ஜிபிடி, ஜெமினின்னு போனில் ஏ.ஐ. வந்திருக்கு. தமிழில் எழுதியே கேட்கலாம். அதுகிட்டயும் வெறுமனே "என் பேச்சு எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, அதுவும் வீட்டுக்காரர் மாதிரிதான். இதைச் சோதிக்கவே, தொகையும் இல்லாம காரணமும் இல்லாம, "எங்கள் குழு சிறந்த குழு, கடன் தாருங்கள்" என்று நாலு வரி எழுதிக் கேட்டேன். "மிகச் சிறப்பான, உணர்வுபூர்வமான பேச்சு" என்று பதில் வந்தது. அந்தப் பாராட்டை நம்பி மேனேஜர் முன்னால் போய் நிற்க முடியுமா?

அதனால கேட்கிற விதத்தை மாத்தினோம். நாங்க 12 பேர். சத்துமாவு அரைக்க மிஷின் வாங்க 3 லட்சம் கடன் கேட்கிறோம். பேச்சை முழுசா டைப் பண்ணி, அதுக்குக் கீழே இப்படி எழுதினோம்:

"நீ ஒரு வங்கி மேனேஜர். உனக்கு 10 நிமிஷம்தான் இருக்கு. என்னைப் பாராட்டாதே. எவ்வளவு பணம், எதுக்கு, எப்படித் திருப்பிக் கட்டுவோம் என்ற மூணும் இந்தப் பேச்சில் தெளிவா இருக்கா என்று பார். கூட்டம், சேமிப்பு, உள்கடன், கடன் திருப்புதல், கணக்குப் புத்தகம் ஆகிய அஞ்சுக்கும் ஆதாரம் சொல்லியிருக்கேனா என்று பார். குறை இருக்கிற வரியை அப்படியே எடுத்துக் காட்டு. நான் சொல்லாத எந்த எண்ணையும் நீயா சேர்க்காதே. கடைசியா, நீ என்னிடம் கேட்கப்போகும் 5 கேள்வியைச் சொல்."

இப்போ வந்த பதிலே வேற. அஞ்சு கேள்வியில் ஒன்று எங்களை உட்கார வச்சிடுச்சு. மாசம் 400 கிலோ விற்போம், கிலோவுக்கு 50 ரூபாய் நிக்கும், 20,000 வரும், தவணை ஏறக்குறைய 10,000 போகும் என்று எழுதியிருந்தோம். "எல்லா மாதமும் இதே 400 கிலோதானா?" என்று அது கேட்டது.

பொருளாளர் அக்கா உடனே சொன்னாங்க, "ஐப்பசி, கார்த்திகையில் முளைகட்டின கேழ்வரகு எங்கே காயும்?" 200 கிலோ போட்டாலே பெரிசு. அப்போ 10,000 தவணைக்கே போயிடும், நம்ம கூலிக்கு ஒண்ணும் நிக்காது. இந்தப் பதிலை ஏ.ஐ. சொல்லலை, சொல்லவும் அதுக்குத் தெரியாது. அன்னைக்கு ராத்திரியே கூடிப் பேசி, ஆவணி வெயிலிலேயே காயவச்சு டிரம்மில் கட்டி வைக்கிறதுன்னு தீர்மான நோட்டில் எழுதினோம். பேச்சிலும் அதைச் சேர்த்தோம்.

அது தவறவிட்டதும் உண்டு. "எங்களிடம் ஈடாகத் தர ஒன்றும் இல்லை, பெரிய மனசு பண்ணுங்க" என்று பேச்சில் ஒரு வரி இருந்தது. ஏ.ஐ. அதை ஒண்ணும் சொல்லலை. எங்க ஊக்குநர்தான் பேனாவால் அடிச்சாங்க. 10 லட்சம் வரைக்கும் குழுக்கடனுக்கு ஈடு கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு, அப்புறம் எதுக்கு இந்தக் கெஞ்சல்னு கேட்டாங்க. இன்னொரு தடவை, பேச்சைத் திருத்தித் தரச் சொன்னப்போ, ஒரு மானியத் திட்டத்தின் பேரை அதுவாவே நுழைச்சிருந்தது. விசாரிச்சா அப்படி ஒரு திட்டமே இல்லை. ஆகவே திருத்தி எழுதச் சொல்லாதீங்க, கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்க என்பது என் அபிப்பிராயம்.

மார்க்கும் போடச் சொல்லிப் பார்த்தோம். அதே பேச்சுக்குக் காலையில் 10-க்கு 7, சாயங்காலம் 8. இடையில் ஒரு எழுத்துக்கூட நாங்க மாத்தலை. மார்க்கை விட்டுடுங்க.

இன்னொண்ணு, உறுப்பினர் பேர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், யாருக்கு எவ்வளவு பாக்கி என்கிறதெல்லாம் அதில் போடவே கூடாது. எண்ணெல்லாம் குழுவுக்கு மொத்தமா இருந்தாப் போதும்.

எழுத்தை மட்டும் கொடுத்தா நம்ம குரல் அதுக்குத் தெரியாது. கை நடுங்குதா, பாதியில் நிறுத்திடுறோமா என்று பார்க்க வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசிக் காட்டினோம். ரெண்டு பேர் கடிகாரம் பார்த்தாங்க. முதல் தடவை 17 நிமிஷம் ஓடிடுச்சு!

போன மாசம் வங்கிக்குப் போனோம். மழைக்காலத்தைப் பத்தி மேனேஜர் சார் கேட்டார். பொருளாளர் அக்கா தீர்மான நோட்டைப் பிரிச்சுக் காட்டினாங்க. மிஷின் பார்க்க அடுத்த வாரம் வர்றதா சொல்லியிருக்கார். கடன் இன்னும் கைக்கு வரலை.

நான் படிச்ச அந்தக் கேள்வியை வேணும்கிறவங்க சாப்பாட்டு இடைவேளையில் எழுதிக்கலாம். கிராம சபைக்குன்னா, 'வங்கி மேனேஜர்' என்ற இடத்தில் 'ஊர்க்காரர்' என்று போட்டு, அவங்க கேட்கிற விஷயத்தை எழுதிக்கோங்க. டைப் பண்ணத் தெரியாதவங்க மைக்கைத் தொட்டுப் பேசினாலும் அது எழுதிக்கும். நம்ம ஊர்ப் பேச்சைச் சில இடத்தில் தப்பா எழுதும், படிச்சுப் பார்த்துட்டு அனுப்புங்க.