பேட்டரியை மாற்றுமுன் முனையைப் பாருங்க



விருத்தாசலம் விற்பனைக்கூடத்துக்கு விடியலில் மல்லாட்டை மூட்டையோட கிளம்புறீங்க. மோட்டார் சைக்கிளில் விளக்கு மங்குது, ஹாரன் முனகுது. உடனே 'பேட்டரி போச்சு' என்று முடிவு கட்டாதீங்க. பல நேரம் கோளாறு, ஒயர் சேரும் முனையில்தான்.

முதலில் சாவியை அணைத்துவிட்டு, கழித்தல் குறி போட்ட முனையின் ஒயரைக் கழற்றுங்கள். பிறகே கூட்டல் முனை. மாட்டும்போது கூட்டல் முதலில், கழித்தல் கடைசியில். ஏன் தெரியுமா? வண்டியின் இரும்புச் சட்டம் கழித்தல் முனையோடு சேர்ந்தது. அது கழறாத நிலையில், கூட்டல் முனையில் வைத்த ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் வாயு வெடிக்கக்கூடியது. பீடியும் கையுமாக இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போகக் கூடாது. துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அந்தப் பூப்பு ஈயம் கலந்த நஞ்சு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

சில பேட்டரிகளில் முனைக்குள் இருக்கும் சின்ன நட்டு கீழே இறங்கி, போல்ட்டுக்குச் சிக்காமல் பொறுமையைச் சோதிக்கும். நட்டுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகுங்க. நட்டு எழும்பும், போல்ட் பிடிக்கும். ஈயம் மெதுவானது, பலம் காட்டி முறுக்காதீங்க. முடுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள்.

கடைசியாக, கூட்டல் முனைக்கு ரப்பர் மூடி போடுங்கள். நம்ம ஊர்ப் பீங்கான் பியூஸ் கட்டையில் எப்படிக் கரண்ட் பாயாதோ, ரப்பரிலும் அப்படித்தான்.

இத்தனையும் செய்து விளக்கு பிரகாசிக்கலைன்னா, அப்புறம் மெக்கானிக்கிடம் போங்க.