தீவனப் பயறுக்கு ரைசோபியம் விதை நேர்த்தி



நம்மில் நிறைய பேர் குழுக்கடன் வாங்கி மாடு பிடிச்சவங்க. பால் பணத்தில் பாதி தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் போயிருது. மிச்சத்துலதான் தவணை கட்டணும். தீவனச் செலவைக் குறைச்சாத்தான் கையில் நாலு காசு நிற்கும்.

தட்டைப்பயறு, வேலிமசால், குதிரைமசால் இதெல்லாம் பயறுவகைத் தீவனம். புல்லைவிட புரதம் அதிகம். காற்றில் 100-க்கு 78 பங்கு தழைச்சத்துதான். ஆனா செடியால அதைத் தானா எடுக்க முடியாது. ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் வேர் முடிச்சுக்குள்ள இருந்து எடுத்துக் கொடுக்கும்.

செய்முறை சுலபம். 200 கிராம் பாக்கெட் ஒன்று 8 கிலோ தட்டைப்பயறு விதைக்குப் போதும். நல்லா ஆறின அரிசிக் கஞ்சியில் பொடியைக் குழைச்சு, விதையில் கை நோகாம புரட்டி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் ஈர மண்ணில் விதைச்சிரணும். சூடு பட்டாலோ வெயில் பட்டாலோ நுண்ணுயிர் செத்துரும். உரம், பூச்சிமருந்தோட சேர்த்துக் கலக்கவே கூடாது. கடையில் வாங்கும்போதே காலாவதி தேதியைப் பாருங்க. எந்தப் பயிருக்கான பாக்கெட் என்றும் கேளுங்க. தட்டைப்பயறுக்கு உள்ளது குதிரைமசாலுக்கு ஆகாது.

"இந்தக் கரித்தூளைத் தடவுனா பயிர் வளருமா?" என்று என் மாமியார் கேட்டாங்க. பத்து சென்ட்டில் பாதியில் தடவின விதை, பாதியில் தடவாத விதை போட்டேன். 40-ஆம் நாள் இரண்டிலும் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, தண்ணியில் அலசிக் காட்டினேன். பிடுங்கினா முடிச்சு அறுந்துரும். தடவின செடியில் முடிச்சு கொத்துக்கொத்தா இருந்துச்சு. நகத்தால் கீறினா உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தா வேலை நடக்குது என்று அர்த்தம். வெள்ளையா இருந்தா நடக்கல. யூரியா அள்ளிப் போட்டா முடிச்சு சரியா வைக்காது. இப்ப விதை புரட்டுறதே மாமியார்தான்!

பூ பாதி எடுத்ததும் அறுத்துப் போடலாம். மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுத்தழை போதும். வெறும் வயித்துல அதை மட்டும் போட்டா மாட்டுக்கு வயிறு உப்பிரும்.

பத்து சென்ட்டுக்கு ஒரு கிலோ விதை போதும். அப்படின்னா ஒரு பாக்கெட்டை எட்டுப் பேர் பங்கு போட்டுக்கலாம். ஒரே நாளில் குழுவா உட்கார்ந்து விதை நேர்த்தி செய்வோம். இதை அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.